பத்துல மூணு தேறும்: ஈ-ஃபிளாட் கிளாரினெட் ரீட் கதை

கிளாரினெட் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு ஞாபகம் வருவது ஏ.கே.சி. நடராஜன் (2008ல் சங்கீத கலாநிதி வாங்கியவர்). இல்லாவிட்டால் கல்யாண ஊர்வலத்து பேண்டு. கறுப்பு மரக்குழாய், பளபளக்கும் சாவிகள், வாயில் வைக்கிற இடத்தில் ஒரு அலகு. அந்தக் கிளாரினெட்டுக்கு ஒரு குட்டித் தம்பி உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பெயர் ஈ-ஃபிளாட் கிளாரினெட். அண்ணன் சுமார் 66 சென்டிமீட்டர் நீளம் என்றால் தம்பி 49 சென்டிமீட்டர்தான். ஆனால் சத்தத்தில் தம்பிதான் அண்ணன். ஐம்பது அறுபது வயலின் சேர்ந்து வாசிக்கும்போதும் இவன் ஒருத்தன் குரல் தனியாக மேலே கேட்கும்.

நம்ம சங்கீத பாஷையில் சொன்னால் விஷயம் சுலபம். வழக்கமான பி-ஃபிளாட் கிளாரினெட்டில் எந்த விரல் வைப்பில் 'ச' கேட்கிறதோ, அதே விரல் வைப்பை ஈ-ஃபிளாட்டில் வைத்தால் 'ம' கேட்கும். அவ்வளவு உயரம். ராணுவ பேண்டுகளில் மேல் ஸ்தாயியைப் பிடித்துக்கொள்ள வந்த கருவி இது. ஆர்கெஸ்ட்ராவுக்குள் இதை மறக்க முடியாதபடி கூட்டி வந்தவர் பெர்லியோஸ். 1830ல் பாரிஸில் அரங்கேறிய அவருடைய 'சிம்ஃபொனி ஃபான்டாஸ்டிக்'கின் கடைசிப் பகுதியில், அதுவரை அழகாக வந்துகொண்டிருந்த காதலியின் மெட்டை இந்தக் குட்டிக் கருவி கையில் கொடுத்து சூனியக்காரி சிரிப்பு மாதிரி ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ராவெலின் 'பொலேரோ'வில் (1928) நான்காவதாக மெட்டைத் தனியாக வாசிப்பது ஈ-ஃபிளாட்தான். ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாம் சிம்ஃபொனியில் (1937) இரண்டாம் பகுதியில் நையாண்டி பண்ணுவதும் இவன்தான். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டில் ஆய்லன்ஷ்பீகல்' (1895) டி கிளாரினெட்டுக்கு எழுதப்பட்டது. இப்போது பெரும்பாலும் ஈ-ஃபிளாட்டிலேயே வாசித்து விடுகிறார்கள். அதில் டில்லைத் தூக்கில் போடும்போது வருகிற கீச்சென்ற கதறல், கேட்டவர்களுக்கு மறக்காது.

எல்லாமே தனி ஆவர்த்தனம், எல்லாமே உச்சியில், எல்லாமே வெட்டவெளியில். பக்கத்து நாற்காலிக்காரரின் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள வழியே கிடையாது. இத்தனையும் ஒரு சின்ன நாணல் துண்டை நம்பி நடக்கிறது. அதுதான் ரீட்.

நாதஸ்வரச் சீவாளியைப் பார்த்தவர்களுக்கு ரீட் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சீவாளியும் நாணல் இனம்தான், கொறுக்கந்தட்டையில் செய்வது. ஒரு வித்தியாசம்: சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடு ஒன்று அதிரும். கிளாரினெட்டில் ஒரே இதழ், அது மவுத்பீஸின் மேல் மோதி அதிரும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாதஸ்வரக்காரர் வாத்தியத்திலேயே நாலைந்து சீவாளிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஒன்று மக்கர் பண்ணினால் அடுத்ததைச் செருகிக்கொள்ளலாம், தவில்காரர் அதுவரை பார்த்துக்கொள்வார். ஆர்கெஸ்ட்ராவில் கண்டக்டர் அப்படியெல்லாம் காத்திருக்க மாட்டார். பொலேரோவில் அந்தத் தனி வாசிப்பு மொத்தமே முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடத்தில் ரீட் கீச்சிட்டால், கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் அதைத்தான் பேசிக்கொண்டு போவார்கள். தேர்வு வாசிப்பு என்றால் வேலையே போச்சு.

சரி, குட்டிக் கருவிக்கு ரீட் பொறுக்குவது மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதல் காரணம் அளவு. ஈ-ஃபிளாட் ரீட், பி-ஃபிளாட் ரீடைவிட நீளமும் அகலமும் குறைவு. கிளாரினெட் ரீடின் நுனி சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம்தான். சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கனத்தில் ஒரு பக்கம் ஒரு பொட்டு கூடினாலும் குறைந்தாலும் வாசிப்பவரின் உதட்டுக்குத் தெரிந்துவிடும். பெரிய ரீடில் அந்தத் தவறு பரப்பில் கரைந்துபோகும். சின்னதில் கரைய இடமில்லை.

இரண்டாவது வேகம். ஈ-ஃபிளாட்டில் மேல் ஸ்தாயியில் எழுதப்படும் உச்ச ஜி-யை வாசித்தால், காதில் கேட்கும் ஸ்வரத்துக்கு அந்த நாணல் நுனி வினாடிக்குச் சுமார் 1,865 தடவை அதிர வேண்டும். ரீட் மெலிசாக இருந்தால் அந்த உயரத்தில் ஸ்வரம் நிற்காமல் சரியும், அல்லது வராமலே போகும். கனமாக இருந்தால் வரும், ஆனால் காற்றைப் பிடித்துத் தள்ளித் தள்ளி வாசிப்பவரின் முகம் தக்காளி ஆகிவிடும் :-) சத்தமும் துணி போர்த்தியது போல அடைத்துக் கேட்கும்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி, சுருதி. குழாய் குட்டையாக இருப்பதால், பெரிய கிளாரினெட்டில் ஒன்றுமே இல்லாத ஒரு மாற்றம் இதில் காதைக் குத்தும். ரீட் கடினமாக இருந்தால் சுருதி கொஞ்சம் ஏறும். மெதுவாக இருந்தால் இறங்கும். கருவியோ சில ஸ்வரங்களில் ஏற்கெனவே ஏறியும் சில ஸ்வரங்களில் இறங்கியும் இருக்கிற ஜென்மம். ஆக, ஈ-ஃபிளாட்டுக்கு ரீட் தேர்வு என்பது நாதத்தைத் தேர்வு செய்வது மட்டும் இல்லை, சுருதியையும் சேர்த்தே தேர்வு செய்வது. நாதம் அருமையாக இருக்கிறது என்று மயங்கி ஒரு ரீடை எடுத்து வைத்து, ஒத்திகையில் புல்லாங்குழலோடு சேர்ந்து வாசிக்கும்போது முழிப்பவர்கள் உண்டு. டியூனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ரீடைச் சோதிக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை.

இந்த நாணல் எங்கிருந்து வருகிறது? தாவரவியல் பெயர் அருண்டோ டோனாக்ஸ். உலகத்தில் எத்தனையோ இடத்தில் ஆற்றங்கரையில் களையாக மண்டிக் கிடக்கும் செடி. ஆனால் ரீடுக்கு என்று பேர் போனது தென் பிரான்சின் வார் மாவட்டத்தில் விளைவது. அர்ஜென்டினாவிலும் பயிரிடுகிறார்கள். இரண்டு வருஷம் வளர்ந்த தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் காயவைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டு, அது பச்சை நிறம் போய் தங்க நிறம் ஆன பிறகு மேலும் காத்திருந்துதான் தொழிற்சாலைக்குள் கொண்டுபோவார்கள். பாரிஸ் ஓபராவில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த யூஜின் வான் டோரன் 1905ல் ஆரம்பித்ததுதான் வாண்டோரன் நிறுவனம். அமெரிக்காவின் ரிக்கோவை 2004ல் கிடார் கம்பிக்குப் பேர்போன டடாரியோ வாங்கிக்கொண்டது. ஈ-ஃபிளாட் ரீட் கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கையில் கொடுப்பார்கள். பி-ஃபிளாட்டுக்கு ஒரு அலமாரி நிறைய வகை இருக்கும். ஈ-ஃபிளாட்டுக்கு ஒரு தட்டு. தம்பி என்றாலே அண்ணனின் மிச்சம்தானே!

பெட்டியின் மேல் ஒரு எண் இருக்கும். 2, 2½, 3, 3½ என்று. பெரும்பாலானவர்கள் இதை ரீடின் கனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஒரு மாடலில் எல்லா ரீடையும் ஒரே வடிவத்தில்தான் மெஷின் சீவுகிறது. சீவி முடித்த பிறகு ஒவ்வொரு ரீடையும் அழுத்திப் பார்த்து, எவ்வளவு வளைகிறது என்று அளந்து, வளைவு குறைவாக இருப்பதை 3½ பெட்டிக்கும் அதிகமாக இருப்பதை 2½ பெட்டிக்கும் தள்ளுகிறார்கள். அதாவது 3 என்பது செய்யப்பட்ட எண் இல்லை, பிரிக்கப்பட்ட எண். பரீட்சை முடிந்து மார்க் வந்த பிறகு ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் என்று பிரிப்பது போல. 60 மார்க்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான், 74 மார்க்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். ஒரே பெட்டியில் இருக்கிற இரண்டு '3'களும் அப்படித்தான். ஒன்று 2½க்குப் பக்கத்து வீடு, இன்னொன்று 3½க்குப் பக்கத்து வீடு. அதோடு அந்த அளவு மொத்த விறைப்பைத்தான் சொல்லும். இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி என்றால் அந்த எண் அதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு நிறுவனத்தின் 3ம் இன்னொரு நிறுவனத்தின் 3ம் ஒன்றில்லை என்பது தனிக் கதை.

அதனால்தான் வாசிப்பவர்கள் மத்தியில் 'பத்தில் மூன்று' என்ற கணக்கு அடிபடுகிறது. பத்து ரீட் உள்ள பெட்டியில் மூன்று மேடைக்கு, மூன்று நான்கு பயிற்சிக்கு, மிச்சம் குப்பைக்கு. ஆளுக்கு ஆள் எண் மாறும், புலம்பல் மாறாது.

பி.காம் வகுப்பில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'நார்மல் லாஸ்' என்று ஒரு பாடம் வரும். உற்பத்தியில் இவ்வளவு வீணாகத்தான் செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்த நஷ்டம். அதன் விலையை நல்ல சரக்கின் தலையில்தான் ஏற்ற வேண்டும். ரீட் வாங்குபவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கணக்குக்காக ஒரு பெட்டி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரீட் 300 ரூபாய் என்று நினைத்தால் மனசு ஆறாது. குப்பைக்குப் போகிற ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் போச்சே என்று தோன்றும். ஆனால் மேடைக்குத் தேறுவது மூன்றுதான் என்றால், மேடை ரீட் ஒன்றின் அடக்கவிலை 1,000 ரூபாய். பயிற்சிக்கு ஆகிறவை உபபொருள் கணக்கு. மிச்சம் நார்மல் லாஸ், அதற்குத் தனியாக அழ வேண்டாம். வாசித்து முடித்து சட்டையில் துடைக்கும்போது நுனி கிழிந்தால், அது அப்நார்மல் லாஸ். அதற்கு அழலாம் :-)

இப்படி யோசிக்காதவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. காசு கொடுத்தாயிற்றே என்று உதவாத ரீடை நாள்கணக்கில் கட்டி அழுவார்கள். போன காசு போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்று எக்கனாமிக்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. ரீட் பெட்டியைத் திறந்தால் புத்தகம் மறந்துவிடும்.

சரி, பெட்டியைத் திறந்தாயிற்று. எப்படிப் பொறுக்குவது?

முதலில் கண். ரீடை விளக்குக்கு எதிரே பிடித்தால் சீவிய பகுதியின் நடுவில் இருட்டாக, நுனியைப் பார்த்துக் குறுகும் ஒரு வளைவு தெரியும். அதற்கு 'இதயம்' என்றே பெயர். அது நடுவில் இருக்கிறதா, இரண்டு தோளும் ஒரே மாதிரி வெளிச்சம் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். நார்கள் அடியிலிருந்து நுனி வரை நேராக ஓட வேண்டும். சாய்வாக ஓடினால் சந்தேகக் கேஸ். நிறம் தங்க மஞ்சள். பச்சை வாடை அடித்தால் பிஞ்சிலே வெட்டியது, சீக்கிரம் தொய்ந்துவிடும். பட்டைப் பகுதியில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வாழைப்பழத்தில் புள்ளி மாதிரி. அடிப்பக்கம் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் ஆடாமல் உட்கார வேண்டும்.

ஆனால் கண்ணை முழுசாக நம்பக்கூடாது. பார்க்க லட்சணமாக இருக்கிற ரீட் வாயில் வைத்ததும் ஊமையாகும். கோணல் ரீட் பாடும். பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற அதே புத்திமதிதான் இங்கேயும்.

அடுத்தது உதடு. ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீரில் நனைத்து, லிகேச்சரை அளவாக இறுக்கி, நடு ஸ்தாயியில் நீளமாக ஒரு ஸ்வரம். அப்புறம் மெதுவாக மேலே. மவுத்பீஸை வாயில் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, வலது ஓரம் மட்டும் அதிரும்படி ஒரு ஸ்வரம். அதே போல் மறுபக்கம். ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் அடைத்தும் கேட்டால், அடைத்த பக்கம் கனம் அதிகம். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்தான் ஆகும், ஆனால் ஒரு ரீடைப் பற்றி இவ்வளவு உண்மையைச் சொல்லும் சோதனை வேறு இல்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். முதல் நாள் தீர்ப்பு எழுதக்கூடாது.

புது ரீடில் நார்களுக்கு நடுவே இருக்கும் குழாய்களில் தண்ணீர் ஏறி இறங்கி, காய்ந்து, மறுபடி நனைந்து, அது ஒரு நிலைக்கு வர சில நாட்கள் ஆகும். முதல் நாள் பிரமாதமாகப் பாடுகிற ரீட் பல சமயம் நான்காம் நாள் தொய்ந்துவிடும். முதல் நாள் கொஞ்சம் முரடாக, காற்று அதிகம் கேட்கிறதுதான் நான்காம் நாள் வழிக்கு வரும். முதல் நாளே பத்தையும் வாசித்துப் பார்த்து 'இது நல்லது, இது மோசம்' என்று பேனாவால் குறி போடுகிறவர், அநேகமாகத் தொய்யப் போகிறதை எடுத்துக்கொண்டு, தேறப் போகிறதைத் தூக்கிப் போடுகிறார். பத்து ரீடை அடுத்தடுத்து வாசித்தால் ஆறாவது ரீடில் உதடும் காதும் மரத்துப் போகும் என்பது வேறு. அதற்கப்புறம் வருகிற தீர்ப்பெல்லாம் களைப்பின் தீர்ப்பு.

ஆகவே நாளைக்கு நாலு ரீட். முதல் நாள் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், சத்தமாகவோ உச்சியிலோ வேண்டாம். மறுநாள் பத்து நிமிடம். மூன்றாம் நாள் கொஞ்சம் மேலே. அடிப்பட்டையில் எண் எழுதி, ஒரு நோட்டில் தேதியோடு ஒரு வரி. 'நாலு: உச்சியில் நிற்கிறது, சுருதி கொஞ்சம் ஏற்றம்.' அம்புட்டுதான். கணக்குப் பிள்ளை வேலை போல இருக்கும். ஆனால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி எந்த ரீட் என்று தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

மவுத்பீஸைப் பற்றிச் சொல்லாமல் ரீடைப் பற்றிப் பேசுவது, பானையைப் பற்றிச் சொல்லாமல் மூடி வாங்குவது. மவுத்பீஸின் நுனிக்கும் ரீடின் நுனிக்கும் நடுவில் உள்ள இடைவெளி அகலமாக இருந்தால் ரீட் அதிக தூரம் வளைய வேண்டும், எனவே மெதுவான ரீட். இடைவெளி குறுகலாக இருந்தால் விறைப்பான ரீட் தாங்கும். பி-ஃபிளாட்டில் 3½ வாசிக்கிறவர் ஈ-ஃபிளாட்டுக்கும் கடையில் 3½ கேட்டு வாங்கி, ஒரு வாரம் போராடி, அப்புறம் கருவியையே திட்டுவார். இரண்டும் வேறு மவுத்பீஸ், வேறு இடைவெளி, வேறு ரீட். எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரை எண் கீழேயிருந்து ஆரம்பித்து, உச்சி ஸ்வரம் சரிந்தால் மட்டும் மேலே போவது உதட்டுக்கும் பர்ஸுக்கும் நல்லது.

இனி வாசிப்பவர்கள் கட்சி கட்டிச் சண்டை போடும் இடம். ஈ-ஃபிளாட்டுக்கு ஈ-ஃபிளாட் ரீட்தான் போட வேண்டுமா? ஒரு கட்சி ஆமாம் என்கிறது. இன்னொரு கட்சி பி-ஃபிளாட் ரீடை வாங்கி, அடிப்பட்டையில் கொஞ்சம் அறுத்துவிட்டு, அதையே மாட்டுகிறது. இது கஞ்சத்தனம் இல்லை, காரணம் இருக்கிறது. பி-ஃபிளாட்டில் வகைகள் அதிகம், தினமும் வாசிக்கிற ரீட் என்பதால் உதட்டுக்குப் பழகினது, சத்தமும் கொஞ்சம் உருண்டையாக, அண்ணன் குரல் சாயலில் வரும் என்கிறார்கள். சிக்கல் அகலத்தில். பி-ஃபிளாட் ரீட் அகலமானதால் சின்ன மவுத்பீஸின் ஓரங்களைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கும். ஓரங்களை உப்புக்காகிதத்தில் தேய்த்துக் குறைக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. ஜெர்மன் வகை ரீடுகள் பிரெஞ்சு வகையைவிட அகலம் குறைவு. அதனால் சிலர் ஜெர்மன் பி-ஃபிளாட் ரீடை வாங்கி அறுத்துக்கொள்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால், புதிதாக ஈ-ஃபிளாட் எடுக்கிறவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது. சத்தம் சரியில்லை என்றால் குற்றம் ரீடிலா, அறுத்த கையிலா, மவுத்பீஸிலா என்று தெரியாமல் போய்விடும். ஒரு வருஷம் ஒரே மாடல், ஒரே எண் என்று வாசித்துவிட்டு அப்புறம் ரம்பத்தைத் தொடலாம்.

ஈ-ஃபிளாட் வாசிப்பவருக்கே உரிய இன்னொரு அவஸ்தை இருக்கிறது. பெரும்பாலும் அவர் கையில் இரண்டு கருவி இருக்கும். பெர்லியோஸையே எடுத்துக்கொள்ளலாம். கிளாரினெட் இரண்டே பேர். அதில் ஒருவர்தான் கடைசியில் ஈ-ஃபிளாட்டை எடுக்க வேண்டும். முதல் நான்கு பகுதிகள் ஓட நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை குட்டிக் கருவி ஸ்டாண்டில் சும்மா நிற்கிறது. ஏசி காற்றில் ரீட் காய்கிறது. காய்ந்தால் நுனி அலை அலையாக நெளியும். குழாயோ குளிர்ந்து சுருதி இறங்கிக் கிடக்கிறது. அதை எடுத்து, எல்லோரும் காத்திருக்கும் அந்த மெட்டை உடனே வாசிக்க வேண்டும். அறையில் பத்து நிமிடம் நனைத்துப் பதமாக்கி வாசித்தபோது எந்த ரீட் நன்றாக இருந்தது என்ற கேள்விக்கு இங்கே மரியாதையே இல்லை. நாற்பது நிமிடம் மறந்து வைத்து, எடுத்ததும் பேசுகிற ரீட் எது என்பதுதான் கேள்வி. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான்கு ரீடையும் மாற்றி மாற்றி மாட்டி, மூடி போட்டு, முக்கால் மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, எடுத்தவுடன் அந்த மெட்டு. நாதத்தில் முதல் மார்க் வாங்கிய ரீட் இதில் ஃபெயில் ஆவது சகஜம். நாதத்தில் இரண்டாம் இடமும் இதில் முதல் இடமும் வாங்கியதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போகிறவர் விவரமானவர்.

இந்த இடத்தில்தான் செயற்கை ரீட் உள்ளே வருகிறது. கனடாவில் 1998ல் தொடங்கிய லெஜேர் என்ற நிறுவனம் பாலிப்ரொப்பிலீனில் செய்கிறது. கால் எண் இடைவெளியில் பிரித்துத் தருகிறார்கள், ஈ-ஃபிளாட்டுக்கும் உண்டு. நனைக்க வேண்டாம், காயாது, நெளியாது. ஒரு ரீடின் விலை ஏறக்குறைய ஒரு பெட்டி நாணல் ரீடின் விலை. மேலே போட்ட அடக்கவிலைக் கணக்கை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு அநியாயம் இல்லை. குறையும் உண்டு. வாய்ச் சூட்டில் தொடர்ந்து வாசித்தால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், அதையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். நாணலின் நாதத்தில் இருக்கிற அந்த லேசான கரகரப்பு இதில் இல்லை என்று மூத்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். முதல் கிளாரினெட்காரர் அப்படிச் சுளிப்பதில் அர்த்தம் உண்டு, அவர் ரீட் எப்போதும் ஈரமாகவே இருக்கும். நாற்பது நிமிடம் கழித்துக் கருவியை எடுக்கிறவருக்கு அந்தச் சொகுசு கிடையாது. செயற்கை ரீட் தன் விலையை நியாயப்படுத்துகிற இடம் ஒன்று உண்டென்றால் அது ஈ-ஃபிளாட் நாற்காலிதான்.

வானிலையையும் விடக்கூடாது. நாணல் செத்த பிறகும் காற்றின் ஈரத்தோடு உறவை முறித்துக்கொள்வதில்லை. மழைக்காலத்தில் ஊறிப் பருக்கும், வறண்ட குளிரில் சுருங்கி விறைக்கும். ஆகஸ்டில் சரியாக இருந்தது ஜனவரியில் பலகை. அதற்காக ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சின்னப் பொட்டலம் போட்ட டப்பாக்கள் விற்கிறார்கள். மூடி இறுக்கமான டப்பா இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் துடைத்துவிட்டு வைப்பது நல்லது. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் உறையில் அப்படியே திணிப்பது வேண்டாம்.

சீர்செய்வதைப் பற்றி இரண்டே வார்த்தை. அடைத்த பக்கத்தை 600 நம்பர் உப்புக்காகிதத்தில் இரண்டு இழுப்பு, நனைத்து வாசிப்பு, மறுபடி இரண்டு இழுப்பு. நடுவில் இருக்கும் இதயத்தைத் தொடவே கூடாது. நுனி தொய்ந்தால் அதற்கென்று இருக்கும் கத்தரியால் மயிரிழை வெட்டினால் விறைப்பு கூடும். எடுத்த மரத்தை ஒட்ட முடியாது. பெரிய ரீடில் நாலு இழுப்பு எடுக்கிற வேலையைக் குட்டி ரீடில் ஒரே இழுப்பு செய்துவிடும் என்பதை மறந்தவர்கள், நல்ல ரீடைத் தேய்த்துத் தேய்த்துப் பல் குத்தும் குச்சி ஆக்கியிருக்கிறார்கள்.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில வாரங்களில் ரீட் கிழடாகிவிடும். நுனி சாம்பல் நிறமாகும், உச்சி ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகச் சரிய ஆரம்பிக்கும், வாசிப்பவர் தெரியாமலே உதட்டை இறுக்கிச் சமாளிப்பார். உதடு வலிக்கிறது என்றால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தமில்லை, பல சமயம் ரீட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ரீடைத் தூக்கி எறிவதற்கு முன்னால் ஒரு உபயோகம் உண்டு. நல்ல ரீடில் கத்தி வைக்க யாருக்கும் கை நடுங்கும். செத்த ரீடில் நடுங்காது. எங்கே சீவினால் எந்த ஸ்வரம் மாறுகிறது, எத்தனை இழுப்பில் பாழாகிறது என்பதையெல்லாம் அதில் பயமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மவுத்பீஸ் டப்பாவின் மூலையில் அப்படி ஏழெட்டுப் பிணங்களை வைத்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு.